இன்டெல்லா, ஏஎம்டியா? புது டெஸ்க்டாப்புக்கு ப்ராசஸர் தேர்வு செய்வது எப்படி



"புது சிஸ்டம் போடப் போறேன். இன்டெல்லா, ஏஎம்டியா?" இந்த ஒரு கேள்வியை கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷத்தில் குரூப் ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒருத்தர் "இன்டெல்தான் நம்பகம்" என்பார். இன்னொருத்தர் "இப்பல்லாம் யாருப்பா இன்டெல் வாங்குறா?" என்பார். மூணாவது ஆள் ஒரு யூடியூப் லிங்க்கை அனுப்பிட்டு ஒதுங்கிடுவார். கடைசியில் கேள்வி கேட்டவர் கடைக்குப் போய், அங்கே எது ஸ்டாக் இருக்கோ அதை வாங்கிக்கிட்டு வருவார்.

நம்மில் பல பேருக்கு இது வீட்டுக் காசு. அப்பா, அம்மா சேர்த்து வைத்ததில் இருந்தோ, ஸ்காலர்ஷிப் பணத்தில் இருந்தோ எடுத்துக் கொடுப்பது. நாலு வருஷப் படிப்புக்கு ஒரு தடவைதான் வாங்க முடியும். அதனால் "எது பெஸ்ட்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு வேற ஒரு கேள்வியைக் கேட்கப் பழகுவோம்: என் வேலை எந்த இடத்தில் காத்துக்கிட்டு நிற்குது? அதற்குப் பதில் தெரிந்தால் ப்ராசஸர் தேர்வு பாதி முடிந்த மாதிரி. மீதிப் பாதி, பெயரைப் படிக்கத் தெரிவதும் மொத்தச் செலவைக் கூட்டத் தெரிவதும்தான்.

முதல்ல ஒரு பயத்தை விலக்குவோம்

"ஏஎம்டி வாங்கினா எல்லா சாஃப்ட்வேரும் ஓடுமா?" என்று இன்னும் கேட்கிறார்கள். ஓடும். இரண்டுமே எக்ஸ்86 என்ற ஒரே கட்டளைத் தொகுப்பில் (ப்ராசஸருக்குப் புரியும் மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள்) வேலை செய்பவை. அந்த மொழியை ஆரம்பித்தது இன்டெல். 1980-களில் ஐபிஎம் நிறுவனம் தன் பிசிக்கான சிப்புக்கு ஒரே சப்ளையரை நம்பி இருக்க விரும்பவில்லை. அதனால் ஏஎம்டிக்கும் அதைத் தயாரிக்கும் உரிமை கிடைத்தது. பிறகு 2003-ல் அதே மொழியை 64 பிட்டுக்கு விரிவாக்கியது ஏஎம்டி. இன்டெல் அதை ஏற்றுக்கொண்டது.

சாட்சி வேணுமா? இன்டெல் சிஸ்டத்தில் உபுன்டு போட ஐஎஸ்ஓ ஃபைல் டவுன்லோடு பண்ணினீங்கன்னா, ஃபைல் பெயரில் "ஏஎம்டி64" என்றுதான் இருக்கும். ஆக, ஆட்டோகேடோ, மேட்லாபோ, விஷுவல் ஸ்டுடியோவோ, எது வேணும்னாலும் இரண்டிலும் ஓடும். எவ்வளவு வேகமா ஓடும் என்பதில் மட்டும்தான் வித்தியாசம்.

கிகாஹெர்ட்ஸ் ஏன் ஏமாத்தும்

கடை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கிகாஹெர்ட்ஸ். ஒரு விநாடிக்கு எத்தனை சுற்று என்பதை அது சொல்லும். ஒரு சுற்றில் எவ்வளவு வேலை முடியுது என்பதைச் சொல்லாது.

ஷேர் ஆட்டோவையும் டவுன் பஸ்ஸையும் நினைச்சுக்கோங்க. ஆட்டோ ஒரு மணி நேரத்தில் அதிக ட்ரிப் அடிக்கலாம். ஆனால் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று எண்ணினால் பஸ் முந்திவிடும். ட்ரிப் எண்ணிக்கையை ஒரு ட்ரிப்பில் ஏறும் ஆட்களோடு பெருக்கினால்தான் உண்மை தெரியும். ப்ராசஸரிலும் அதே பெருக்கல்தான்.

இது வரலாற்றில் நடந்திருக்கு. 2004-ல் இன்டெல்லின் பென்டியம் 4, 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போனது. 2006-ல் அதே இன்டெல், 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டியோவை வெளியிட்டது. கடிகார வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு, ஆனால் வேலையில் பென்டியம் 4-ஐ சுலபமாகத் தாண்டியது. ஒரே கம்பெனிக்குள்ளேயே இப்படி என்றால், இரண்டு கம்பெனி சிப்களை கிகாஹெர்ட்ஸ் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. ஒரே தலைமுறை, ஒரே குடும்பத்துக்குள் ஒப்பிடும்போது மட்டும் அதைப் பாருங்கள்.

ஐ7 என்றால் பெரிசா?

அடுத்த பொறி இது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் "ஐ7 சிஸ்டம், ரொம்பக் குறைந்த விலை" என்று பழைய ஆபீஸ் பிசிகள் கிடைக்கும். ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் அந்தந்த வருஷத்துக்குள் போட்ட வரிசை. வருஷம் மாறினால் வரிசையும் மாறும்.

ஐ7-2600 என்பது 2011-ல் வந்தது. 4 கோர், 8 த்ரெட். ஐ3-12100 என்பது 2022-ல் வந்தது. அதுவும் 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் 11 வருஷத்தில் ஒரு சுற்றில் முடியும் வேலையும் ஏறியது, கடிகார வேகமும் ஏறியது. புது ஐ3, பழைய ஐ7-ஐ எல்லா வேலையிலும் பின்னால் தள்ளிவிடும்.

பெயரைப் படிக்கும் முறை சுலபம். ஐ5-12400-ல் முதல் இரண்டு இலக்கமான 12 தலைமுறை. மீதி 400, அந்தத் தலைமுறைக்குள் அதன் இடம். ரைசன் 5 7600-ல் முதல் இலக்கமான 7 வரிசையைச் சொல்லும், 600 இடத்தைச் சொல்லும். இன்டெல்லின் "கோர் அல்ட்ரா" டெஸ்க்டாப் வரிசை 2024 அக்டோபரில் வந்தபோது எண்களைப் புதிதாக 200-ல் இருந்து ஆரம்பித்தார்கள். அதனால் "கோர் அல்ட்ரா 5 245கே" என்பதை "வெறும் 245-ஆ?" என்று நினைத்துவிடாதீங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்குவது தப்பே இல்லை. ஆனால் ஒரு கோடு போட்டுக்கோங்க. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம், பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே வாங்கினால் லினக்ஸ் போட்டு ஓட்டத் தயாரா இருக்கணும். பட்ஜெட் ரொம்ப டைட் என்றால், ஐ5-8500 போட்ட பழைய ஆபீஸ் பிசி (6 கோர்) ஓர் அருமையான தேர்வு. ஒரு எச்சரிக்கை மட்டும்: பிராண்டட் ஆபீஸ் பிசிகள் பலவற்றில் பவர் சப்ளையும் போர்டும் அந்தக் கம்பெனியின் தனி வடிவத்தில் இருக்கும். பின்னாடி பெரிய கிராஃபிக்ஸ் கார்டு சொருகலாம் என்ற கனவோடு அதை வாங்காதீங்க.

எத்தனை கோர் வேணும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"6 கோரை விட 12 கோர் ரெண்டு மடங்கு வேகம்." கேட்க நல்லா இருக்கு. 1967-ல் ஜீன் ஆம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் முன்வைத்த வாதம் இதற்குப் பதில் சொல்கிறது. கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பாடத்தில் ஆம்டால் விதி என்று இரண்டு மார்க்குக்குப் படித்திருப்பீங்க. இப்போ காசை மிச்சப்படுத்த அதைப் பயன்படுத்துவோம்.

உங்க ப்ரோகிராமில் 80 சதவீத வேலையை கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், 20 சதவீதம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கணும் என்று வைத்துக்கொள்வோம்.

- 6 கோர்: 1 ÷ (0.2 + 0.8 ÷ 6) = 3 மடங்கு வேகம்
- 12 கோர்: 1 ÷ (0.2 + 0.8 ÷ 12) = 3.75 மடங்கு வேகம்
- எண்ணிலடங்காத கோர்: 1 ÷ 0.2 = 5 மடங்கு. அதற்கு மேல் எப்பவுமே போகாது.

கோர் இரண்டு மடங்கு ஆச்சு, வேகம் 25 சதவீதம்தான் ஏறியது. பிரிக்க முடியாத அந்த 20 சதவீதத்தை வேகமாக்க ஒரே வழி, தனி ஒரு கோரின் வேகம். அதனால்தான் சில வேலைகளில் குறைந்த கோர் உள்ள புது சிப், நிறைய கோர் உள்ள பழைய சிப்பை ஜெயிக்கிறது.

இன்னொரு விஷயம், எல்லா கோரும் ஒரே மாதிரி இல்லை. ஐ5-12400-ல் இருக்கும் 6 கோரும் பெரிய கோர்கள். ஐ5-14400-ல் "10 கோர்" என்று போட்டிருக்கும். அதில் 6 பெரியவை, 4 சின்னவை. சின்ன கோர்கள் கம்மி மின்சாரத்தில் பின்னணி வேலைகளைக் கவனிக்கவும், பிரித்துக் கொடுத்த வேலையில் கை கொடுக்கவும் வைத்தவை. த்ரெட் என்பதும் முழு கோர் இல்லை. ஒரே சமையல் மேடையில் இரண்டு மாஸ்டர் நின்ற மாதிரி: ஒருத்தர் குழம்பு கொதிக்கக் காத்திருக்கும்போது இன்னொருத்தர் தாளிக்கலாம். ஆனால் அடுப்பு அதேதான்.

வாங்குவதற்கு முன் லேப்-ல ஒரு சோதனை

நாம இன்ஜினியர்கள். அளக்காம வாங்கக் கூடாது. உங்க டிபார்ட்மென்ட் லேப்-லயோ நண்பர் சிஸ்டத்திலயோ, நீங்க உண்மையா செய்யும் வேலையை ஓட விடுங்க. உங்க ப்ராஜெக்ட்டை பில்ட் பண்ணுங்க, உங்க அசெம்பிளி ஃபைலைத் திறங்க, உங்க மாடலை ட்ரெயின் பண்ணுங்க. அதே நேரத்தில் விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்க. சிபியு படத்தின் மேல் ரைட் க்ளிக் பண்ணி, லாஜிக்கல் ப்ராசஸர் வாரியாகக் காட்டச் சொல்லுங்க. லினக்ஸ் என்றால் ஹெச்டாப் போதும்.

இங்கே பல பேர் தவறும் ஓர் இடம் இருக்கு. 12 த்ரெட் உள்ள ப்ராசஸரில் மொத்தப் பயன்பாடு 8 சதவீதம் என்று காட்டினால், "ப்ராசஸர் சும்மாதான் இருக்கு" என்று நினைப்போம். 100-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்க: 8.3. அதாவது ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சா ஓடிக்கிட்டு இருக்கு, மீதி 11-ம் வேடிக்கை பார்க்குது. விண்டோஸ் அந்த வேலையை ஒரு கோரில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால் எந்தக் கட்டமும் முழுசா நிரம்பாமல்கூட இருக்கலாம். மொத்தம் 8-லேயே நின்றால் காரணம் இதுதான்.

கண்ணில் படுவதை இப்படிப் படிங்க:

- மொத்தப் பயன்பாடு ஒரு த்ரெட் அளவிலேயே நிற்குது: தனி கோர் வேகம் அதிகமுள்ள புதுத் தலைமுறை சிப் வேணும். கோர் எண்ணிக்கைக்குக் காசு கொடுக்காதீங்க.
- எல்லாக் கட்டமும் நிரம்புது: கோர் எண்ணிக்கைக்குக் காசு கொடுக்கலாம்.
- மெமரி 90 சதவீதத்தைத் தாண்டுது: ப்ராசஸரைக் குறைத்து ரேமைக் கூட்டுங்க.
- டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்குது: எஸ்எஸ்டி வாங்குங்க, மத்ததெல்லாம் அப்புறம்.
- ஜிபியு நிரம்புது, சிபியு பாதியில் நிற்குது: காசு கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகணும்.

இந்த 10 நிமிஷச் சோதனை, எந்த விமர்சன வீடியோவை விடவும் உங்களுக்குப் பயன்படும். ஏன்னா அந்த வீடியோவில் ஓடுவது அவங்க வேலை. இங்கே ஓடுவது உங்க வேலை.

டிபார்ட்மென்ட் வாரியாகச் சில குறிப்புகள்

*சிஎஸ்இ, ஐடி:* சி++ மாதிரி பெரிய ப்ராஜெக்ட்டைக் கம்பைல் பண்ணும்போது கோர்கள் நன்றாகப் பயன்படும், ஏன்னா ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகக் கம்பைல் செய்யலாம். சாதாரணமாக எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். ஆன்ட்ராய்டு ஸ்டுடியோவும் எமுலேட்டரும் சேர்ந்து ஓடணும்னா 16 ஜிபி ரேம் முதல் தேவை.

*மெக்கானிக்கல், சிவில்:* ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் போன்றவற்றில் வரைவதும் மாடல் மாற்றுவதும் பெரும்பாலும் ஒரு கோர் வேலை. 16 கோர் வாங்கினாலும் அந்த மாடல் அதே வேகத்தில்தான் ரீபில்ட் ஆகும். ஆனால் ரெண்டரிங்கும், ஆன்சிஸ் மாதிரி சால்வர்களும் கோர்களைப் பயன்படுத்தும். சால்வருக்கு ரேமின் அளவும் வேகமும் சேர்ந்தே வேணும்.

*இசிஇ, இஇஇ:* கீல், ப்ரோட்டியஸ், ஆர்டுவினோ எல்லாம் எந்தப் புது ப்ராசஸரிலும் ஓடும். மேட்லாபில் மேட்ரிக்ஸ் பெருக்கல் தானாகவே பல கோரில் ஓடும். நீங்க எழுதும் சாதாரண ஃபார் லூப் ஒரே கோரில்தான் ஓடும். காசு செலவு பண்றதுக்கு முன்னாடி அந்த லூப்பை மேட்ரிக்ஸ் கணக்காக மாற்ற முடியுமா என்று பாருங்க. அது இலவச அப்கிரேடு.

*டீப் லேர்னிங்:* ட்ரெயினிங்கில் பெரும்பாலான கருவிகள் என்விடியாவின் கூடா மேல் அமைந்தவை. ப்ராசஸர் நடுத்தரமா இருந்தால் போதும். பட்ஜெட்டின் பெரிய பங்கு கார்டுக்கு.

*கேம்:* ரெசல்யூஷன் ஏற ஏற சுமை கார்டுக்குப் போகும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு மிக விலையுயர்ந்த ப்ராசஸர் வாங்கினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

கடைசி எழுத்து: சின்னது, ஆனால் ஆபத்தானது

*எஃப்* (ஐ5-12400எஃப், ரைசன் 5 7500எஃப்): உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. தனி கார்டு இல்லாமல் மானிட்டரில் ஒண்ணும் வராது. "விலை கம்மி" என்று கடைக்காரர் எஃப் மாடலைக் கொடுத்து, உங்ககிட்ட கார்டு இல்லை என்றால் அவ்வளவுதான். கார்டு இருந்தாலும் யோசிங்க: கார்டு ரிப்பேர் ஆகி சர்வீஸுக்குப் போனால், ப்ராஜெக்ட் ரிவ்யூ நேரத்தில் சிஸ்டமே கிடையாது.

*எஃப் இல்லாத பழைய ரைசன்களிலும் கவனம்:* ரைசன் 5 5600-ல் எஃப் கிடையாது. ஆனால் அதிலும் கிராஃபிக்ஸ் இல்லை. ரைசன் 5 5600ஜி-யில் இருக்கு. ரைசன் 5 7600-ல் சின்ன அளவில் இருக்கு, டெஸ்க்டாப்பும் வீடியோவும் பார்க்கப் போதும்.

*ஜி:* உள்ளே பெரிய கிராஃபிக்ஸ். லைட்டான கேம்கள் ஓடும். இதற்கும் ஒரு விலை உண்டு. 5600-ல் எல்3 கேச் 32 எம்பி, 5600ஜி-யில் 16 எம்பி.

*கே* (இன்டெல்): ஓவர்க்ளாக் செய்யலாம், ஆனால் அதற்கு இசட் வரிசை மதர்போர்டு வேணும், கூலர் தனியா வாங்கணும். இந்த இரண்டு செலவையும் சேர்த்துக் கூட்டுங்க.

*எக்ஸ்3டி* (ஏஎம்டி): கூடுதல் கேச் அடுக்கியது. 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில் எல்3 கேச் 96 எம்பி. கேச் ஏன் முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்கு: 4 கிகாஹெர்ட்ஸில் ஒரு சுற்று 0.25 நானோ விநாடி. ரேம் வரை போய் டேட்டா எடுத்துவர 80 நானோ விநாடி ஆகுதுன்னு வைத்தால், 320 சுற்று வெறுமனே காத்திருக்கணும். தேவையானது கேச்சிலேயே இருந்தால் அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் மிச்சம். கேம்களுக்கு இது ரொம்ப உதவும். எல்லா வேலைக்கும் அதே அளவு உதவாது.

ப்ராசஸர் தனியா வர்றதில்லை

ப்ராசஸர் விலையை மட்டும் ஒப்பிடுவது, பிரியாணி விலை கேட்காமல் அரிசி விலை மட்டும் கேட்பது மாதிரி. ப்ராசஸர், மதர்போர்டு, ரேம், கூலர் நாலையும் கூட்டித்தான் ஒப்பிடணும்.

- ஏஎம்4 (ரைசன் 5000 வரை): டிடிஆர்4 ரேம். பழைய மேடை, புது வரிசைகள் இதில் வராது.
- ஏஎம்5 (ரைசன் 7000-ல் இருந்து): டிடிஆர்5 மட்டும். 2022-ல் வந்தது. 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது.
- எல்ஜிஏ1700 (இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறை): போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5.
- எல்ஜிஏ1851 (கோர் அல்ட்ரா 200): டிடிஆர்5 மட்டும்.

2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. இந்த மாதிரி நேரத்தில் உங்ககிட்டயோ அண்ணன்கிட்டயோ நல்ல டிடிஆர்4 ரேம் சும்மா கிடந்தால், ஐ5-12400 அல்லது ரைசன் 5 5600 சட்டென்று முன்னுக்கு வந்துவிடும். கூட்டிப் பார்க்காமல் இது தெரியாது.

மேடையின் ஆயுள் எவ்வளவு முக்கியம்? 2017-ல் முதல் ரைசனுக்காக ஏஎம்4 போர்டு வாங்கியவர்களில் பல பேர், பயாஸ் அப்டேட் மட்டும் போட்டு அதே போர்டில் 2022-ன் 5800எக்ஸ்3டி வரை போக முடிந்தது. இன்டெல் பக்கம் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட் மாறுவது வழக்கம். ஆனால் உங்களையே நேர்மையா கேட்டுக்கோங்க: நாலு வருஷத்துக்குள் ப்ராசஸரை மாற்றுவீங்களா? வேலைக்குப் போனதும் மாற்றுவேன் என்றால் ஏஎம்5-க்குக் கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கு. மாற்றவே மாட்டேன் என்றால், நடக்காத அப்கிரேடுக்கு இன்றைக்கு ஏன் காசு?

ரேம் வாங்கும்போது 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்க. டிடிஆர்4-3200 ஒரு சேனலில் விநாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு சேனலில் 51.2 ஜிபி. ஜி மாடல்களில் கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் பயன்படுத்தும், அதனால் அங்கே வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

வெயிலும் கரன்ட்டும்

வெளிநாட்டு விமர்சனங்கள் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டிய அறையில் எடுத்தவை. கூலர் செய்வது, அறை வெப்பத்தை விட எத்தனை டிகிரி மேலே ப்ராசஸர் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது. ஒரு கூலர் 50 டிகிரி வித்தியாசத்தில் நிறுத்தும் என்றால், 22 டிகிரி அறையில் 72. மே மாசம் 38 டிகிரி ஹாஸ்டல் ரூமில் 88. ரைசன் 7000 வரிசையில் எல்லை 95, ஐ5-12400-ல் 100. அதைத் தொட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்க காசு கொடுத்து வாங்கிய வேகம் வெயிலில் ஆவியாகிடும்.

பெட்டியில் இருக்கும் "65 வாட்" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஐ5-12400-ன் அடிப்படை 65 வாட், டர்போவில் 117 வரை போகலாம். ஏஎம்டியின் 65 வாட் சிப்கள் பொதுவாக 88 வரை. இரண்டுமே நம்ம ஊருக்கு ஏற்றவை. 13-ஆம் தலைமுறை ஐ9-13900கே 253 வாட் வரை போகும். அதை நல்ல கூலரும் காற்றோட்டமும் இல்லாமல் ஓட்டுவது வீண். வீட்டில் 600 விஏ யுபிஎஸ் இருந்தால் அது பொதுவாக 360 வாட் அளவுதான் தாங்கும் என்பதையும் நினைவில் வைங்க.

13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பற்றி ஒரு வார்த்தை

இந்தத் தலைமுறைகளின் உயர்ரகச் சிப்கள் சிலவற்றில் அதிக மின்னழுத்தத்தால் நிலைகுலைவு வந்தது. 2024-ல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் திருத்தங்களை வெளியிட்டது, பாதிக்கப்படக்கூடிய மாடல்களுக்கு வாரன்ட்டியை இரண்டு வருஷம் நீட்டியது. இதற்காக இன்டெல்லையே ஒதுக்கத் தேவையில்லை. 12-ஆம் தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. 13, 14 வாங்கினால் முதல் வேலை பயாஸ் அப்டேட். செகண்ட் ஹேண்டில் வாங்கினால், அது ஏற்கெனவே எப்படி ஓடியது என்று தெரியாது, பில்லும் வாரன்ட்டியும் இல்லாமல் தொடாதீங்க.

சரி, எதை வாங்குறது?

- *கோடிங், வரைபடம், வீடியோ. கார்டு வாங்கும் எண்ணம் இல்லை:* ஐ5-12400 (எஃப் இல்லாதது). லைட்டா கேமும் வேணும்னா ரைசன் 5 5600ஜி.
- *கேம் அல்லது டீப் லேர்னிங்:* முதல்ல கார்டுக்குப் பணம் ஒதுக்குங்க. மிச்சத்தில் ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400. பின்னாடி மாற்றும் எண்ணம் இருந்தால் ரைசன் 5 7600.
- *ரெண்டரிங், சிமுலேஷன் தினமும்:* 8 கோர் ரைசன் 7 7700 அல்லது ஐ5-14400, கூட 32 ஜிபி ரேம்.

விலை வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் பட்டியலை மனப்பாடம் பண்ணாமல், ஏன் அந்த இடத்தில் அது இருக்கு என்பதைப் பிடிச்சுக்கோங்க. அடுத்த வருஷம் வேறு பெயர்கள் வந்தாலும் இதே முறை வேலை செய்யும்.

கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை

1. மாடல் பெயர் முழுசா, கடைசி எழுத்தோடு. பில்லிலும் அப்படியே இருக்கணும். "ஐ5 ப்ராசஸர்" என்று மட்டும் எழுதிய பில்லை வாங்காதீங்க.
2. பெட்டியோடு வருதா, ட்ரேயில் வருதா? பெட்டியில் வரும் சிப்புக்கு இந்தியாவில் கம்பெனி வாரன்ட்டி 3 வருஷம். ட்ரே சிப்புக்கு விற்பவர் தரும் வாரன்ட்டிதான்.
3. போர்டில் இருக்கும் பயாஸ் இந்த ப்ராசஸரை அடையாளம் காணுமா? கடையிலேயே ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க.
4. நாலு பொருளின் கூட்டு விலை, குறைந்தது இரண்டு கடையில்.
5. ஏஎம்4 வாங்கினால் பின்கள் ப்ராசஸரில் இருக்கும். பின்னாடி கூலரைக் கழற்றும்போது நேரா மேலே இழுக்காமல், கொஞ்சம் சூடானதும் லேசா இடவலமாகத் திருப்பி எடுங்க. இல்லைன்னா பேஸ்ட்டில் ஒட்டிக்கிட்டு ப்ராசஸரும் சேர்ந்து வந்துடும், பின் வளைஞ்சுடும்.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். இந்த வாரமே உங்க லேப்-ல அந்த டாஸ்க் மேனேஜர் சோதனையைச் செய்து, எங்கே காத்திருக்கு என்று ஒரு வரி எழுதி வைங்க. அந்த ஒரு வரியோடு கடைக்குள் போங்க. "தம்பி, ஐ7 எடுத்துக்கோங்க, நல்லா இருக்கும்" என்று யாராவது சொன்னால், "எந்தத் தலைமுறைங்க? எனக்கு ரேம்தான் பத்தல" என்று சொல்ல உங்களால் முடியும். வீட்டில் கொடுத்த காசு சரியான இடத்துக்குப் போகும்.